காரைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?

பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் பார்த்துக் கடுப்பாகித்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மாதிரி ஆள் நான்தான், அதனால் சொல்கிறேன்.

வேலை இருக்கிறது. காரை முடித்துவிட்டுத்தான் அதற்குக் கிளம்புகிறேன். சென்னை மேடவாக்கத்தில் வீடு, வாசலில் மெட்ரோ வேலைத் தூசி, பார்க்கிங்குக்கு மேலே புங்கமரம், கார் கறுப்பு (கறுப்பு வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்குப் பிடித்திருந்தது, சரியா?). காக்கா எச்சத்தை வெயில் ஏறும்வரை விட்டால் அதிலுள்ள அமிலம் பெயின்ட்டின் மேல்பூச்சை அரித்துத் தடம் போட்டுவிடும், அப்புறம் பாலிஷ் போட்டாலும் முழுசாகப் போகாது.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். காலையில் வருகிறவர்கள் ஒரே வாளி, ஒரே துணியில் வரிசையாக எல்லாக் காரையும் துடைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நாம் கொடுக்கிற காசுக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் துணியில் ஒட்டின மணல் அடுத்த காரில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வெயிலில் நிறுத்திப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். காய்ந்த தூசியை அப்படியே துடைப்பதற்குத் துடைக்காமலே விடலாம்; முதலில் தண்ணீர் விட்டு மணலை இறக்கணும், அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி.

உடனே தண்ணீர் வீண் என்று வருவார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது ஏசியில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துத்தான் துடைத்தேன், இன்றைக்கும் கடைசி அலசல் அதில்தான். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், ஏசி தண்ணீரில் உப்பு கிடையாது என்பதால் நிற்காது. ஹோஸ் பக்கமே போவதில்லை. அப்படியும் எங்கள் அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் ஒருவர் நான் கழுவுவதைப் படம் எடுத்துப் போட்டு, ஆர்ஓ (குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின்) கழிவுத் தண்ணீரைப் பயன்படுத்தலாமே என்று அறிவுரை வேறு. அதில்தான் உப்பு இன்னும் அதிகம் ஐயா! இதே குழுவில் லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது என்று எத்தனை முறை போட்டாலும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, மெயின்டனன்ஸ் ஏற்றுவதற்கு மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வருகிறது.

மற்றபடி உங்கள் கார் அழுக்காக இருப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதன் பின்கண்ணாடித் தூசியில் விரலால் எழுதிவிட்டுப் போவது சத்தியமாக நான் இல்லை.