ஷ்வைட்சரின் லாம்பரேனே மருத்துவமனை அன்றாடம் எப்படி நடந்தது?

கேள்வி: ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவம் பார்த்தார், நோபல் பரிசு வாங்கினார் என்பதற்கு மேல் தமிழில் விவரம் கிடைப்பதில்லை. சாலை, மின்சாரம் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு மிஷன் டாக்டர் தினமும் என்னதான் செய்தார்?

கத்தி பிடித்த நேரத்தைவிட மருந்து பாட்டில், வாழைக்காய், கூரைத் தகரம் என்று அலைந்த நேரம்தான் அதிகம். அதைப் புரிந்துகொண்டால்தான் அந்த மருத்துவமனை புரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று ஜெர்மனியின் கீழ் இருந்த அல்சாஸில் 1875இல் பிறந்தவர். இறையியல் அறிஞர், ஆர்கன் வாசிப்பவர். 30 வயதில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1913 ஏப்ரலில் மனைவி ஹெலேனோடு லாம்பரேனே வந்து சேர்ந்தார். இன்றைய காபோன் நாட்டில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, ஒகோவே நதிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். இடம் கொடுத்த பாரிஸ் மிஷனுக்கு அவருடைய இறையியல் பிடிக்கவில்லை. பிரசங்கம் செய்ய மாட்டேன், டாக்டராக மட்டும் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அனுப்பினார்கள். வந்ததும் கிடைத்த முதல் ஆலோசனை அறை ஒரு பழைய கோழிக்கூண்டுக் கொட்டகை. சுண்ணாம்பு அடித்து, அலமாரி வைத்து, அதிலேயே தொடங்கினார்.

காலை எட்டரைக்கு வேலை ஆரம்பம். நோயாளிகள் பெஞ்சுகளில் உட்கார்ந்ததும் உதவியாளர் விதிகளை உள்ளூர் மொழிகளான கலோவாவிலும் பஹுவீனிலும் உரக்கச் சொல்வார். டாக்டர் வீட்டருகே துப்பக் கூடாது. காத்திருக்கும்போது சத்தமாகப் பேசக் கூடாது. எல்லோரையும் காலையிலேயே பார்த்துவிட முடியாது, ஆகவே ஒரு நாள் சாப்பாட்டோடு வர வேண்டும். அனுமதி இல்லாமல் இரவு தங்கினால் மருந்து கிடையாது, ஏனென்றால் தூரத்திலிருந்து வந்தவர்கள் மிஷன் பள்ளிப் பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டுத் தாங்கள் படுத்துக்கொண்டார்கள். மருந்து வாங்கிப்போன பாட்டிலையும் டப்பாவையும் கட்டாயம் திருப்பித் தர வேண்டும். மாத நடுவில் நீராவிப் படகு மேலே போய்த் திரும்பும் வரை அவசர நோயாளிகளுக்கு மட்டுமே அனுமதி, அந்த நாட்களில் டாக்டர் ஐரோப்பாவுக்கு மருந்து கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

பாட்டில் விதி அற்பமாகத் தெரியலாம். அந்த ஈரக் காற்றில் அட்டைப் பெட்டியோ காகிதப் பொட்டலமோ தாங்காது, உள்ளே இருக்கும் பொடி நீர் கோத்துக் கெட்டுப்போகும். தக்கை போட்ட கண்ணாடி பாட்டிலோ இறுக மூடும் தகர டப்பாவோ வேண்டும். காட்டில் இரண்டும் கிடைக்காது. ஒரு காலி பாட்டில் திரும்பி வராவிட்டால் அடுத்த நோயாளிக்கு மருந்து கொடுக்கப் பாத்திரம் இருக்காது. அதனால்தான் ஐரோப்பிய நண்பர்களிடம் காலி பாட்டில்களை அனுப்பச் சொல்லி அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பார்த்து முடிந்ததும் ஒவ்வொருவர் கழுத்திலும் நார்க்கயிற்றில் கோத்த அட்டை வில்லை ஒன்று தொங்கும். அதில் ஓர் எண். பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே பெயர், நோய், கொடுத்த மருந்து. அடுத்த முறை வரும்போது எண்ணைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினால் போதும். மாலை ஆறு மணிக்கும் சிலர் மிச்சம் இருப்பார்கள், ஆனால் விளக்கு வைத்துப் பார்க்க முடியாது. கொசு கூடும், காத்திருப்பவர்களுக்கே காய்ச்சல் தொற்றும். மறுநாள்தான்.

மொழிபெயர்ப்பாளர் ஜோசப் அசோவானி முன்பு சமையல்காரராக இருந்தவர். உடலுறுப்புகளையும் கறிக்கடைப் பெயர்களாலேயே சொல்வார்: தொடை வலித்தால் ‘ஆட்டுத்தொடை’, விலா வலித்தால் ‘மேல் கட்லெட்’. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மருந்து பாட்டில் லேபிளில் எழுத்துகளின் உருவத்தை மனத்தில் வாங்கிவைத்து, கேட்ட மருந்தைப் பிசகாமல் எடுத்துத் தருவார். அவர் இல்லாமல் முதல் வருடம் ஓடியிருக்காது.

அதிகம் வந்தவை மலேரியா, புண், சொறி சிரங்கு, தொழுநோய், தூக்க நோய் (ட்செட்சி ஈ கடித்துப் பரவும் கொடிய நோய்), குடலிறக்கம். சிரங்குக்கு டாக்டரே களிம்பு தயாரித்தார்: கந்தகத் தூள், சுத்திகரிக்காத பனை எண்ணெய், மத்தி மீன் டப்பாக்களில் மிஞ்சிய எண்ணெய், மென்சோப்பு. நோயாளி ஆற்றில் குளித்துவிட்டு வந்து பூசிக்கொள்வார், வீட்டில் இன்னும் இரண்டு முறை பூச ஒரு பால் டப்பாவில் களிம்பு போகும். இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். அவர் பேர் காடெங்கும் பரவியதில் இந்தக் களிம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

குடலிறக்கம் முறுக்கிக்கொண்டால் கதையே வேறு. சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாது, வாயு சேர்ந்து வயிறு உப்பும், அறுவை செய்யாவிட்டால் வேதனையோடு சாவுதான். முதல் அவசர அறுவை 1913 ஆகஸ்ட்டில், மாணவர் விடுதி அறையிலேயே நடந்தது. மயக்க மருந்து கொடுத்தது ஹெலேன்.

நேரத்தைத் தின்றது தூக்க நோய்தான். ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்தால்தான் பிழைக்கவைக்க வழியுண்டு. ஆனால் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருக்கும், ஒரு சொட்டில் தென்படவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல சொட்டுகளைத் தேட வேண்டும். அதிலும் இல்லையென்றால் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துச் சுழற்றி, அடியில் தங்கியதைப் பார்க்க வேண்டும். சந்தேகப்படும்படி இரண்டு பேர் வந்தாலே காலை முழுக்க மைக்ராஸ்கோப்பில் போய்விடும், வெளியே வரிசை நீளும். அன்றைய மருந்தான அடாக்சில் பார்வை நரம்பையே பாதிக்கக்கூடியது. அளவு தப்பினால் உயிர் தப்பினாலும் கண் போகும்.

முதல் தகரக் கட்டடத்தில் ஆலோசனை அறையும் அறுவை அறையும் தலா 4 மீட்டர் சதுரம். ஜன்னல்கள் கூரை வரை உயரம், சூடான காற்று மேலே தங்காமல் வெளியேறுவதற்காக. கண்ணாடிக்குப் பதில் கொசுவலைக் கம்பி. வார்டில் கட்டில் போட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மண்தரையில் கூர்க்குச்சியால் 16 செவ்வகங்கள் கீறினார். ஒவ்வொன்றும் ஒரு கட்டில். நோயாளிகளோடு வந்த உறவினர்கள் கவைக்கம்புகளை நட்டு, குறுக்கே கழிகள் வைத்து, காட்டுக்கொடியால் கட்டி, மேலே காய்ந்த புல் பரப்பினார்கள். அரை மீட்டர் உயரம் ஏன் என்றால் சட்டிபானையும் வாழைத்தாரும் அடியில் இருக்க வேண்டுமே. கூட வந்தவர்கள்தான் சமைத்தார்கள், நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடம் அன்று பிரெஞ்சுக் காலனி, ஆகவே முதல் உலகப் போரில் ஜெர்மன் குடிமக்கள் என்று காவலில் வைக்கப்பட்டு, 1917இல் இருவரும் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1924இல் ஷ்வைட்சர் திரும்பியபோது கூரைகள் இற்றுக் கிடந்தன. அடுத்த ஆண்டே பஞ்சம். மழை விடாததால் வெட்டிய காட்டை எரித்து வாழை நட முடியவில்லை, ஆண்களோ ஒகூமே மரம் வெட்டிக் காசு பார்க்கப் போயிருந்தார்கள். அதோடு சீதபேதி வந்தது. பழைய இடத்தில் சீதபேதிக்காரர்களைத் தனியே வைக்க இடமே இல்லை, வேறு நோய்க்கு வந்தவர்களுக்கும் தொற்றியது. அதனால்தான் 1927 ஜனவரியில் ஆற்றில் சுமார் 3 கி.மீ. மேலே புது இடத்துக்கு மாறினார்கள். சுற்றிலும் தோட்டம் போட இடம், சீதபேதிக்காரர்களுக்குத் தனி வார்டு. கட்டடங்கள் கிழக்கு மேற்காக நீண்டவை. நிலநடுக்கோட்டருகே சூரியன் தலைக்கு மேலேயே போவதால் நீளச் சுவர்களில் வெயில் அதிகம் அடிக்காது.

1950களில் வந்து பார்த்த பலர் ஆடு கோழி திரிகிறது, அறுவை அறைக்கு மட்டும்தான் மின்சாரம் என்று குறை சொன்னார்கள். குடும்பத்தோடு தங்கவைத்தது சரி என்றே நினைக்கிறேன், இல்லாவிட்டால் பாதிப் பேர் வந்தே இருக்க மாட்டார்கள். ஆனால் ஆப்பிரிக்கர்களைத் தம்பி என்றும் தன்னை அண்ணன் என்றும் வைத்துக்கொண்ட மனப்பான்மை மெய்யான குறை. டாக்டர், நர்ஸ் பொறுப்புகள் கடைசி வரை பெரும்பாலும் ஐரோப்பியர் கையிலேயே இருந்தன. 1952ஆம் ஆண்டின் நோபல் பரிசுப் பணம் தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனது. 1965இல் அங்கேயே இறந்தார். 1981இல் புதிய மருத்துவமனைக் கட்டடம் வந்தது, அதே ஆண்டு அங்கே ஆராய்ச்சிக்கூடமும் தொடங்கியது. இன்று மலேரியா தடுப்பூசி சோதனைகள் நடக்கும் ஊர் லாம்பரேனே.