பேசிவைத்த சண்டை

அன்புள்ள சார்,

குஸ்தி வீரர்கள் தாராசிங், கிங்காங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பா வாயில் எப்போதும் இருந்த பெயர்கள். அதில் ப்ரீமோ கார்னேரா என்ற இத்தாலிக்காரர் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனாக இருந்துவிட்டுக் குஸ்திக்கு வந்தவர் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. நிஜமாக அடித்து ஜெயித்தவர் பேசிவைத்த சண்டைக்குப் போவது இறங்கிப்போவதுதானே, பாவமாக இருந்தது. ஆறாவது படிக்கிற என் பையன் டிவியில் குஸ்தி பார்த்துவிட்டுத் தங்கையைக் கட்டிலில் தூக்கிப் போடுகிறான். எல்லாம் பொய்டா என்றால் நம்ப மாட்டேன் என்கிறான்.

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

பாவம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

கார்னேரா 1906-ல் வட இத்தாலியில் செக்வால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வீட்டில் வறுமை. சிறு வயதிலேயே பிரான்சுக்குப் பிழைக்கப் போய், ஒரு சர்க்கஸில் பலசாலியாக வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, எடை 120 கிலோ. இந்த உடம்பை வைத்துக் காசு பார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்ற, 1928-ல் பாரீஸில் கையுறை மாட்டிவிட்டார்கள். 1930-ல் அமெரிக்கா போனதும் அவரைச் சுற்றி வளைத்தது நியூயார்க்கின் கள்ளச்சாராயக் கும்பல். எதிரில் வந்தவர்களில் பலர் காசு வாங்கிக்கொண்டு வரிசையாக விழுந்தார்கள் என்பார்கள். அந்த வருஷம் ஓக்லண்டில் ஒரு ஆட்டத்தில் எதிராளியின் சொந்த ஆளே, தோல்வியை ஒப்புக்கொள்கிறோம் என்பதற்கு அடையாளமாகத் துண்டை வீசி ஆட்டத்தை முடித்துவைக்க, கூட்டம் கொந்தளித்துவிட்டது, கலிஃபோர்னியாவில் கார்னேரா ஆடத் தடையும் வந்தது. அவருக்கு இதெல்லாம் எவ்வளவு தெரியும் என்பதில் இன்றும் தகராறு உண்டு. தன் குத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள் என்று அந்த மனுஷன் நம்பியிருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1933 பிப்ரவரியில் எர்னி ஷாஃப் என்பவரோடு ஆட்டம். 13-ஆவது சுற்றில், பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு குத்தில் ஷாஃப் விழுந்தார். கூட்டம் 'பொய், பொய்' என்று கத்தியது. நாலு நாளில் ஷாஃப் செத்துப்போனார். சில மாதம் முன்னால் மேக்ஸ் பேர் என்ற இன்னொரு குத்துச்சண்டைக்காரர் கையில் வாங்கிய அடி உள்ளே இருந்திருக்கிறது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். விலைக்கு வாங்கிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதிரே நடந்த சாவு தெரியவில்லை.

அதே ஆண்டு ஜூன் 29-ல் ஜாக் ஷார்க்கியை வீழ்த்தி உலகச் சாம்பியன். அடுத்த வருஷமே மேக்ஸ் பேர் அவரைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளினார், எழுந்து எழுந்து நின்று 11-ஆவது சுற்று வரை அடி வாங்கினார். அது நிஜம், அதை யாரும் பேசிவைக்கவில்லை. 1935-ல் ஜோ லூயிஸ் என்ற குத்துச்சண்டைக்காரரும் அவரை வீழ்த்தினார். அப்புறம் என்ன, சம்பாதித்தது பெரும்பாலும் மேலாளர்கள் பைக்குள் போயிருந்தது, 1938-ல் ஒரு சிறுநீரகத்தையும் எடுத்தாகிவிட்டது.

போர் முடிந்து 1946-ல் அமெரிக்காவில் குஸ்தி மேடை ஏறினார். நாற்பது வயது. ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது, காசு இந்தத் தடவை அவர் கைக்கே வந்தது, குடும்பத்தைக் கொண்டுபோய் அங்கேயே குடியமர்த்தினார். இதையா இறங்கிப்போவது என்கிறீர்கள்?

நம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து கட்டுவதை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள். பதினெட்டாம் நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் களம் முழுக்கப் படுத்திருப்பான், அவன் மேலேயே வேஷக்காரர்கள் இரண்டு பேரும் துரத்தி ஓடுவார்கள், பீமன் தொடையில்தான் அடிக்கப்போகிறான் என்று மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். சின்ன வயதில் பென்னாகரம் பக்கம் ஒரு படுகளத்தில், துரியோதனன் வேஷக்காரர் விழுந்தபோது உண்மையிலேயே முழங்கால் கிழிந்து ரத்தம் வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிவு பேசிவைத்ததுதான், முழங்கால் பேசிவைத்ததா? குஸ்தியும் அப்படித்தான். அந்தக் காலத்துக் குஸ்திக்காரர்கள் 'எல்லாம் நிஜம்' என்று சாதித்தார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் நிற்கிற இரண்டு பேருக்கும் கதை தெரியும். குத்துச்சண்டையில் கார்னேராவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரை அடித்துப்போட்ட ஜோ லூயிஸும் வரிக் கடன் கழுத்தை நெரிக்க, 1956-ல் இதே குஸ்திக்குத்தான் வந்தார். பேசிவைத்த சண்டையில்தான் எதிராளி நெஞ்சில் மிதித்து விலா எலும்பில் அடிபட்டது.

கார்னேரா கடைசியில் செக்வால்ஸுக்கே திரும்பி 1967 ஜூன் 29-ல் இறந்தார். சாம்பியன் ஆன அதே தேதி.

பையன் பார்க்கட்டும், 'பொய்டா' என்று சொல்லிச் சண்டை போடாதீர்கள். தங்கையைத் தூக்கிப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். அவளுக்கு யாரும் முன்னாடியே கதை சொல்லியிருக்க மாட்டார்கள்.