ஈஸ்ட்டில் ஆர்என்ஏ ப்ராஜெக்ட்: கோபியிலிருந்து கேட்ட அப்பாவுக்கு

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கும் பொண்ணு, ஈஸ்ட்டில் இருக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ-வைப் பிரிக்கப் போகுது, "வைரஸ்ங்குது, ஆபத்தில்லைங்களா, வேலை கிடைக்குங்களா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைரஸுக்குப் பயப்பட வேண்டாமுங்க. அந்த ஆர்என்ஏ, ஈஸ்ட்டுக்குள்ளேயே வாழும் வைரஸ்களுடையது. எல்-ஏ, எம் (நஞ்சு ஜீன் இருப்பது எம்-மில்) என்னும் இவை ஈஸ்ட் செல்லை விட்டு வெளியே வராது, மனுசருக்கும் தொத்தாது. பயம், ஆர்என்ஏ-வைப் பிரிக்க ஊற்றும் ஃபீனாலுக்குத்தான், தோலில் பட்டால் பொத்துப்போகும். ஃப்யூம் ஹூட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் பெட்டி) ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஆலைக் கரும்புச்சாற்றிலிருந்தே ஈஸ்ட் எடுக்கலாம். அது கொல்லி ஈஸ்ட்டா, அதாவது நஞ்சு விட்டு மற்ற ஈஸ்ட்டைக் கொல்லும் வகையா என்று பார்க்கும் மெத்திலீன் ப்ளூ (நீலச்சாயம்) தட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொல்லியாக இருந்தால் அதைச் சுற்றி மற்ற ஈஸ்ட் செத்து வளையம் விழும். அந்த நஞ்சுகளில் ஒன்றான கே1-க்கு பிஹெச் (புளிப்பு அளவு) 4.5 பக்கமும், 20 டிகிரி குளிர்ச்சியும் வேண்டும். சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்தால் நஞ்சு செத்துவிடும், வளையம் விழாது. குளிர்விக்கும் இன்குபேட்டர் இல்லாத லேபில் இந்தத் தலைப்பே வேண்டாம். வளையம் இல்லாததால் ஆர்என்ஏ இல்லை என்றும் ஆகாது: எம் இல்லாமல் எல்-ஏ மட்டும் இருந்தால் நஞ்சு வராது. வளையம் விழுந்தாலும், சில ஈஸ்ட்களில் நஞ்சு ஜீன் டிஎன்ஏ-வில் இருக்கும். ஆர்என்ஏ-வை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்தான் முடிவு சொல்லும். எல்-ஏ சுமார் 4.6 கிலோபேஸ் (4,600 எழுத்து நீளம்) என்ற இடத்தில் நிற்கும்.

இரட்டை இழை ஆர்என்ஏ-வைச் செல்லுலோஸ் தூளில் ஒட்டவைத்துப் பிரிக்கும்போது எத்தனால் 16.5 சதவீதம் இருக்கணும். குறைந்தால் தேடும் ஆர்என்ஏ கழுவலோடு போய்விடும். ரொம்பக் கூடினால் டிஎன்ஏ-வும் ஒற்றை இழை ஆர்என்ஏ-வும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எத்தனால் இல்லாத பஃபரில் (பிஹெச் மாறாத கரைசல்) ஆர்என்ஏ-வைத் தூளிலிருந்து இறக்க வேண்டும். கிடைத்தது இரட்டை இழைதானா என்று பார்க்கும் ஆர்என்ஏஸ் ஏ (ஆர்என்ஏ-வை வெட்டும் என்சைம்) சோதனையை உப்பு கூடிய பஃபரில், 0.5 மோலார் சோடியம் குளோரைடில், ஒருதரமும், உப்பில்லாமல் ஒருதரமும் செய்யணும். உப்பில் தப்பி, உப்பில்லாமல் அழிந்தால்தான் இரட்டை இழை. வெறும் தண்ணீரில் மட்டும் செய்து, பேண்ட் (ஜெல்லில் தெரியும் பட்டை) போச்சென்று ப்ராஜெக்டையே கைவிடுகிறவர்கள் உண்டு.

வேலைக்கு வருவோம். "இரட்டை இழை ஆர்என்ஏ தெரியுமா" என்று கேட்டு நம்ம பக்கம் யாரும் ஆள் எடுப்பதில்லை. ஆர்என்ஏ-வைச் சிதையாமல் கையாளத் தெரிந்தவருக்குத் தடுப்பூசி, நோயறியும் பரிசோதனை நிறுவனங்களில் மதிப்புண்டு. அவை பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூரு பக்கம், வெளியூர் அனுப்பத் தயாரா என்பதை நீங்கள்தான் யோசிக்கணும். 2023 டிசம்பரில் அமெரிக்கா, உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராகத் தெளிக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ மருந்தான லெட்ப்ரோனாவைப் பதிவு செய்தது. பயிர்ப் பாதுகாப்பிலும் வழி திறக்கிறது. ஆராய்ச்சிதான் ஆசையென்றால் சிஎஸ்ஐஆர் நெட் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வு) எழுதட்டும்: 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ப்ராஜெக்ட் ஓடும்போதே படிக்கத் தொடங்கணும்.