எஞ்சின் கவரைத் திருப்பிப் பாருங்கள்: கார்பன் ஃபைபர் கேள்வி பதில்

கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்வதும், அடுத்தவர் செய்து கெட்டுப்போனதைச் சரிசெய்வதுமாகப் பல வருடங்கள் ஓடிவிட்டன. கிராண்ட் டூரிங் கார்களின், அதாவது நீண்ட தூரம் சொகுசாகவும் வேகமாகவும் ஓட்டும் கார்களின், எஞ்சின் கவர் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பென்ட்லி கான்டினென்டல் ஜிடி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு கார்பன் போட்டால் எடை எவ்வளவு குறையும் சார்?

முதலில் ஒரு சின்ன அதிர்ச்சி. கார்பன் ஃபைபர் பிளாஸ்டிக்கைவிட லேசான பொருள் இல்லை. கம்பெனி கவர் பெரும்பாலும் கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான். அது ஒரு கன செ.மீ.க்கு 1.35 கிராம் அளவில் இருக்கும். எப்பாக்ஸி என்ற பிசினில் ஊறிய கார்பன் 1.5 முதல் 1.6 கிராம். அப்புறம் எப்படி எடை குறைகிறது? கார்பன் விறைப்பானது, அதனால் மெல்லியதாகச் செய்யலாம். நைலான் கவர் 2.5 முதல் 3 மி.மீ. தடிமன் இருக்கும் இடத்தில் கார்பனுக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும். அரை சதுர மீட்டர் கவர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒரு கிலோ மிச்சம். உங்கள் கார் 2,200 கிலோவுக்குப் பக்கம். டாங்கில் ஒன்றரை லிட்டர் பெட்ரோலைக் குறைத்து நிரப்பினாலும் அதே பலன்தான்.

அழகுக்காகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், தப்பே இல்லை. போனட்டைத் திறந்ததும் மனசுக்கு ஒரு சந்தோஷம், அதற்குத்தான் காசு.

கேள்வி: ஒரே மாதிரி இரண்டு கவர். ஒருவர் டபிள்யூ12 எஞ்சினுக்கு வாங்கினார், நான் வி8 எஞ்சினுக்கு வாங்கினேன். அவருடையது அப்படியே இருக்கிறது, என்னுடையது ஒரு வருடத்தில் நெளிந்துவிட்டது. மட்டமான பொருளா?

பொருள் மட்டமா இல்லையா என்பது அப்புறம். முதலில் எஞ்சினைப் பாருங்கள். டபிள்யூ12-இல் டர்போக்கள், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறிகள், எஞ்சினின் இரு பக்கமும் வெளியே இருக்கும். பென்ட்லியின் 4.0 லிட்டர் வி8-இல் இரண்டு டர்போவும் சிலிண்டர்கள் சாய்ந்து நிற்கும் வி வடிவத்தின் உள்ளே, நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும். மெர்சிடிஸின் வேகக் கார் பிரிவான ஏஎம்ஜியின் 4.0 லிட்டர் வி8 எஞ்சினும் இப்படித்தான், அதே எஞ்சின்தான் ஆஸ்டன் மார்ட்டின் டிபி11 வி8-க்கும் போனது. இதை ஹாட் வீ என்பார்கள். எக்ஸாஸ்ட் வாயுவின் பாதை குறைவு, டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், எஞ்சினும் கச்சிதமாக இருக்கும். ஆனால் கவர் எங்கே இருக்கிறது? நேராக அந்த அடுப்புக்கு மேலே.

இன்னொன்று, கார் ஓடும்போது கவர் அவ்வளவு கஷ்டப்படாது. காற்று உள்ளே வந்துபோகிறது. வேகமாக ஓட்டிவிட்டு வந்து எஞ்சினை நிறுத்துகிறீர்களே, அப்போதுதான் டர்போவில் தேங்கிய சூடு மேலே ஏறும், காற்றோட்டம் இருக்காது. நின்ற காரில்தான் கவர் வேகிறது.

இதில் தாங்கவேண்டியது கார்பன் இழை இல்லை, இழையைப் பிடித்து வைத்திருக்கும் எப்பாக்ஸி மாதிரியான பிசின், அதாவது ரெசின். இழை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கப்பட்டது, அதற்கு இந்தச் சூடு ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு ரெசினும் ஒரு வெப்பநிலையில் இளக ஆரம்பிக்கும், எங்கள் ஆட்கள் சுருக்கமாக டிஜி என்போம். அறை வெப்பநிலையில் இறுகவிட்டு, ஓவனில் வைக்காமல் அனுப்பிய எப்பாக்ஸி 50, 60 டிகிரியிலேயே தளர ஆரம்பித்துவிடும். 120 டிகிரிக்கு மேல் சுட்ட பிரீப்ரெக் (முன்கூட்டியே ரெசின் ஊறிய கார்பன் துணி) அந்த 120-ஐத் தாண்டியும் நிற்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்பு, வித்தியாசமே தெரியாது.

நான் தொழில் கற்ற காலத்தில் இதே தப்பைச் செய்தேன். ஹாட் வீ எஞ்சினுக்கு அறை வெப்பத்தில் இறுகிய கவரைக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது நடுப்பகுதி வெயிலில் வைத்த மெழுகுத் தட்டு மாதிரி தொங்கிக் கிடந்தது. பணத்தையும் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன்.

வாங்கும்முன் விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ரெசினின் டிஜி எவ்வளவு, எத்தனை டிகிரியில் போஸ்ட் க்யூர் (இறுகியபின் மறுபடி சூடேற்றுவது) செய்தீர்கள். மழுப்பினால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டால், தொட்ட உச்சச் சூட்டைக் கறுத்துக் காட்டும் வெப்பநிலை ஸ்டிக்கர் விலை குறைவாகக் கிடைக்கும். கவரின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஊகிக்கவே வேண்டாம், எண் கிடைத்துவிடும்.

கேள்வி: அடியில் தங்க நிறத் தகடு ஒட்டினால் சூடு குறையுமா, இல்லை சும்மா ஸ்டைலா?

குறையும். டர்போவில் இருந்து வரும் சூட்டில் பெரும்பங்கு கதிர்வீச்சு. பளபளப்பான உலோகப் பரப்பு அதைத் திருப்பி அனுப்பும். மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறையில் நிஜத் தங்கத் தகட்டையே ஒட்டினார்கள், ஆடம்பரத்துக்கு இல்லை, இந்தக் காரணத்துக்குத்தான். நமக்குத் தங்கம் தேவையில்லை, அலுமினியப் பரப்புள்ள ஹீட் ஷீல்டு ஷீட் போதும். பசை எத்தனை டிகிரி தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உரிந்து டர்போ மேல் விழுந்தால் வம்பு.

கேள்வி: கார்பன் கவர் போட்டபிறகு எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம். எஞ்சினில் ஏதாவது கோளாறா அண்ணா?

பயப்படாதீர்கள் தம்பி. அந்தச் சத்தம் முன்பே இருந்தது, உங்கள் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் இன்ஜெக்டரும் உயர் அழுத்த பம்ப்பும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். கம்பெனி கவரின் அடியில் தடித்த ஃபோம் ஒன்று இருக்கும் பாருங்கள், சத்தத்தை விழுங்குவது அதுதான். உங்கள் கார்பன் கவரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வெறுமையாக இருக்கும். போதாக்குறைக்கு மெல்லிய, விறைப்பான தகடு, பறை மாதிரி சத்தத்தை எடுத்துக் கொடுக்கும்.

சூடு தாங்கும், தீப்பிடிக்காத வகை ஃபோம் வாங்கி ஒட்டுங்கள். வீட்டில் கிடக்கும் மெத்தை ஃபோமை வெட்டி ஒட்டிவிடாதீர்கள். எண்ணெய் ஊறினால் திரி மாதிரி எரியும். ஃபோம் ஒட்டியும் சத்தம் குறையாமல், வேகத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: நிஜ கார்பனா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டர் வைத்தால் மின்சாரம் கடத்தவேண்டும் என்கிறார்களே.

கார்பன் கடத்தும், ஆனால் மேலே இருக்கும் ரெசினும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சும் கடத்தாது. மேற்பரப்பில் முள்ளை வைத்து ‘போலி’ என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

கண்ணே போதும். தலையை இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். நிஜ ட்வில், அதாவது சாய்வுக் கோடு தெரியும் நெசவில், கறுப்பாக இருந்த கட்டம் வெளிச்சமாகும், வெளிச்சமாக இருந்தது கறுக்கும். அச்சடித்த படலம் என்றால் எங்கிருந்து பார்த்தாலும் அதே படம்தான்.

ஆனால் நிறையப் பேர் ஏமாறுவது போலியில் இல்லை, ஓவர்லேயில். அசல் பிளாஸ்டிக் கவர் மேலேயே ஒரு அடுக்கு நிஜ கார்பன் துணியை ஒட்டி, ரெசின் ஊற்றி, பாலிஷ் போட்டது. முன்பக்கத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. திருப்பினால் பழைய பிளாஸ்டிக்கின் வார்ப்பு எண்ணும் விலாக்களும் சிரிக்கும். இது கம்பெனி கவரைவிடக் கனம்! எடை குறைக்கிறேன் என்று கூட்டிக்கொள்வீர்கள். நைலானும் கார்பனும் சூட்டில் ஒரே அளவு விரியாது, அதனால் ஓரம் விடும் அபாயமும் உண்டு. ஆனாலும் ஓவர்லே என்றால் திட்டவேண்டியதில்லை. கிளிப் எல்லாம் அசல், கச்சிதமாக உட்காரும், சூடு குறைந்த எஞ்சினுக்கு நியாயமான வேலை. ஓவர்லேயை முழு கார்பன் விலைக்கு விற்பதுதான் அநியாயம்.

கேள்வி: துண்டு துண்டாகப் பளிங்குக் கல் மாதிரி இருக்கிறதே, அந்த ஃபோர்ஜ்டு கார்பன் நல்லதா?

லம்போர்கினி 2010-இல் செஸ்டோ எலமென்டோ காரில் காட்டியபிறகு பிரபலமானது. நறுக்கிய இழையை ரெசினோடு அச்சில் அழுத்திச் செய்வது. சிக்கலான வடிவம் சுலபமாக வரும். நெசவு மடிப்பில் கோணும் தலைவலி இல்லை. எஞ்சின் கவருக்கு வலிமை முக்கியம் இல்லை என்பதால், பிடித்திருந்தால் வாங்குங்கள். எனக்கு என்னவோ பழைய ட்வில்தான் பிடிக்கும்.

கேள்வி: ஃபெராரி ஜிடிசி4லுஸோவுக்கு முழு கார்பன் கவர் செய்து தருவீர்களா?

மாட்டேன். அதில் நீங்கள் பார்க்கும் சிவப்பு, சொரசொரப்பான பெயின்ட் அடித்த பாகங்கள் கவரே இல்லை, எஞ்சினின் இன்டேக் பாகமே அதுதான். 6.3 லிட்டர் வி12-ஐ அப்படித் திறந்து காட்டியிருக்கிறார்கள், அதை மூடுவதற்கு எனக்குக் கை வராது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடிகளை வேண்டுமானால் கார்பனில் செய்யலாம்.

கேள்வி: கவரைக் கழற்றும்போது, எஞ்சினோடு மாட்டும் காதுப்பக்கம் விரிசல் விட்டுவிட்டது. என் தவறா?

கொஞ்சம் உங்கள் தவறு, கொஞ்சம் கவருடையது. பெரும்பாலான கவர்கள் குரோமெட் என்ற ரப்பர் வளையத்தில், ஸ்டட் என்ற உருண்டைத் தலை ஆணி அழுந்தி நிற்பவை. பிளாஸ்டிக் கவரை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் வளைந்துகொடுக்கும். கார்பன் வளையாது, முறியும். ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் நேர் மேலே, விளிம்புக்கு அடியில் இரு கையும் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். குரோமெட் காய்ந்திருந்தால் புதிதாகப் போட்டு, சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். மாட்டும்போது ஒரு ஸ்டட் இரண்டு மி.மீ. தள்ளி இருந்தால் அமுக்கி உட்காரவைக்காதீர்கள், அந்த இழுவை ஒரு நாள் விரிசலாக வரும். திருப்பி அனுப்புங்கள்.

கூடவே ஒன்று: அலுமினிய பிராக்கெட் நேரடியாகக் கார்பனைத் தொட்டு, அங்கே ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். இடையில் ஒரு அடுக்கு கிளாஸ் ஃபைபர் வைத்திருக்கிறார்களா என்று பின்பக்கம் பாருங்கள், வெளிறிய அடுக்காகத் தெரியும்.

கேள்வி: என் கவர் மஞ்சளாகிவிட்டது. போனட் மூடித்தானே இருக்கிறது, வெயில் எப்படிப் பட்டது?

எப்பாக்ஸி வெயிலில் மட்டும் இல்லை, தொடர்ந்த சூட்டிலும் மஞ்சளாகும். கிளியர் கோட் மட்டும் மங்கியிருந்தால் மெல்லிய உப்புத்தாளில் தண்ணீர்விட்டுத் தேய்த்துப் புதிதாக அடிக்கலாம். ரெசினே நிறம் மாறியிருந்தால் அது போகாது. தேய்க்கும்போது உலர்வாகத் தேய்க்காதீர்கள், மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள். கார்பன் தூசி மூச்சில் போனால் உறுத்தும், தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

கேள்வி: எதைப் போட்டுத் துடைப்பது?

எஞ்சின் ஆறியபின் சாதாரண கார் ஷாம்பு, ஈர மைக்ரோஃபைபர் துணி. டிகிரீசர் வேண்டாம், பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஏஎம்ஜி எஞ்சினில் அதைக் கட்டியவரின் கையெழுத்துத் தகடு இருக்கிறது. அதைப் பெயர்த்துப் புதிய கவரில் ஒட்டலாமா?

வேண்டாம். அந்தத் தகடு பழைய கவரிலேயே இருக்கட்டும். பெயர்த்தால் வளையும், வளைந்ததை நிமிர்த்தினால் தெரியும். நாளைக்குக் காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான். பழைய கவரைத் துணியில் சுற்றி, எடை எதுவும் மேலே வைக்காமல், படுக்கைவாட்டில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் பிளாஸ்டிக் மெல்ல வளைந்துவிடும், திரும்ப மாட்டும்போது ஸ்டட் ஒன்றும் பொருந்தாது.