பேனல் விரிந்திருந்தால் செயற்கைக்கோள் சீக்கிரம் விழுமா?

கேள்வி: செயலிழந்த செயற்கைக்கோள் ஒன்று இறங்கி வருகிறதாம். அதன் சோலார் பேனல்கள் விரிந்தே இருப்பதால் சீக்கிரம் விழுமா? எங்கள் ஊர்மேல் கோடு போட்ட வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. துண்டு கிடைத்தால் வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார்.

பதில்: ஆமாம், சீக்கிரம் விழும். 200 கி.மீ. உயரத்திலும் துளி காற்று உண்டு. நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் போகிற பொருளை இழுத்து இறக்க அதுவே போதும். பேனலுக்கு எடை குறைவு, பரப்பு அதிகம். அதனால் இழுவையும் அதிகம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. காற்றுக்குப் பேனலின் முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டிப் பறந்தால் இழுவை குறையும். சர்வதேச விண்வெளி நிலையம் இரவுப் பக்கத்தில் பேனல்களை அப்படித் திருப்பி எரிபொருளை மிச்சம் பிடித்ததுண்டு. 2022 பிப்ரவரியில் சூரியப் புயலால் மேல்வளிமண்டலம் உப்பியபோது, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களையும் விளிம்பைக் காட்டித்தான் பறக்கவிட்டார்கள். அப்படியும் 38 விழுந்துவிட்டன. கவனியுங்கள், இதற்கெல்லாம் கட்டளைக்குக் கீழ்ப்படியும் செயற்கைக்கோள் வேண்டும். செத்துப்போனது, 2018இல் விழுந்த சீன விண்வெளி நிலையம் தியாங்கோங்-1 போல, பெரும்பாலும் உருண்டுகொண்டேதான் வரும். ‘விளிம்பைக் காட்டுகிறது, இன்னும் தாங்கும்’ என்று அதைப் பற்றி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, வரைபடம். அந்தக் கோடு செயற்கைக்கோள் போகிற பாதை, விழப்போகிற இடமல்ல. மீதமுள்ள காலத்தில் 20 சதவீதம் பிசகலாம் என்பது பொதுக் கணக்கு. 10 நாள் பாக்கி என்றால் 2 நாள் முன்னும் பின்னும். கடைசியில் ஒரு நிமிடம் தப்பினாலே 450 கி.மீ. தள்ளிப் போகும். விண்வெளி அமைப்புகள் இதைச் சாதாரண மொழியில் ஒரு பத்தி எழுதிப் போட்டால் என்ன? அட்டவணையை வெளியிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் யூடியூப்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

பேனல்கள் 90, 100 கி.மீ. உயரத்திலேயே பிய்ந்து எரிந்துவிடும். தரைக்கு வந்தால் டைட்டானியம் எரிபொருள் தொட்டி மாதிரியான பொருள்தான் வரும். உள்ளே விஷ எரிபொருள் மிச்சம் இருக்கலாம். தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். ஏவிய நாடு கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்பது 1968 சர்வதேச ஒப்பந்தம். உங்கள் ஆள் விலை பேசுவது அடுத்தவர் சொத்துக்கு.

இழப்பீடு வாங்கித் தருவதாகவும் ஏஜெண்டுகள் வருவார்கள். விண்வெளிப் பொருள்களால் வரும் சேதம் பற்றிய 1972 உடன்படிக்கைப்படி அரசுதான் அரசிடம் கேட்க முடியும். 1978இல் சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்தபோது கனடா அரசு கேட்டது 60 லட்சம் கனடிய டாலர். சோவியத் யூனியன் 1981இல் தந்தது பாதி. அரசுக்கே இந்தக் கதி. முன்பணம் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.