பழைய எஸ்யூவிக்கு எந்த டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ வாங்கலாம்?

கேள்வி: என்னிடம் 2012 மாடல் ஸ்கார்பியோ இருக்கிறது. பழைய செட்டை எடுத்துவிட்டு டச் ஸ்கிரீன் போட நினைக்கிறேன். 10 அங்குல ஆண்ட்ராய்டு செட், 8 ஜிபி ராம், கேமராவோடு 14,000 ரூபாய் என்கிறார்கள். பெயர் பெற்ற கம்பெனியின் 7 அங்குல செட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. எதை வாங்கலாம்?

பதில்:

7 அங்குலத்தை வாங்குங்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. செட்டைப் பொருத்துகிறவர் உங்கள் வண்டியின் ஒரிஜினல் கப்ளரை, அதாவது வண்டியின் ஒயர்களைச் செட்டின் பின்னால் சொருகும் பிளாஸ்டிக் முனையை, வெட்ட விடாதீர்கள். இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வண்டியை விற்க மனமில்லை. எஞ்சின் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. வீட்டில் புது வண்டியில் ஏறி வந்த பிள்ளைகள், நம் வண்டியில் மட்டும் ஏன் மேப் தெரியவில்லை என்று கேட்டிருப்பார்கள். ஒரு திரையை மாட்டிவிட்டால் இன்னும் ஐந்தாறு வருடம் சந்தோஷமாக ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

என்னுடையது 2010 ஸ்கார்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின். புதிதாக நானே எடுத்தது. 2021இல் மதுரையில் ஒரு கடையில் 9 அங்குல ஆண்ட்ராய்டு செட், பின்பக்கக் கேமராவோடு 13,500 ரூபாய்க்குப் போட்டேன். "டீ குடித்துவிட்டு வாருங்கள் அண்ணே, ஒன்றரை மணி நேரம்தான்" என்றார்கள். திரும்பி வந்தபோது திரை பளபளவென்று இருந்தது. காலடி விரிப்பில் ஒரு வெள்ளை கப்ளர் கிடந்தது. அதன் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு ஒயர்கள் வெட்டுப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. இது எதற்கு என்று கேட்டேன். "அது இனிமேல் தேவையில்லை அண்ணே." ஏனோ மனம் வரவில்லை. எடுத்து டேஷ்போர்டு அறைக்குள் போட்டு வைத்தேன்.

முதல் நாளே ஒரு குறை. சாவியைத் திருப்பினால் திரை உயிர்பெற 40 நொடி ஆனது. ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்கு வந்த பிறகுதான் கேமராவே தெரிந்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன். பையன் பத்து நிமிடம் குனிந்து ஏதோ செய்தான். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பவே வேண்டியதில்லை, உட்கார்ந்து பட்டனைத் தொட்டதும் திரை வந்துவிட்டது. "இறங்கும்போது மட்டும் இந்தப் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிடுங்கள், இந்த மாடல் இப்படித்தான்" என்றான். நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து மகளுக்குத் திருச்சியில் நுழைவுத் தேர்வு. மழை காரணமாக ஐந்து நாள் வண்டியை எடுக்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மீட்டர் விளக்குகூட எரியவில்லை. ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி போய், பஸ் ஏறி, தேர்வு மையத்தின் கேட் மூட எட்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே விட்டேன். அந்த மூன்று மணி நேரமும் புத்தகத்தைத் திறக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த பிள்ளையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேட்டரி போய்விட்டது என்றார்கள். 7,800 ரூபாய்க்குப் புது பேட்டரி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே 'டக்'. செட் போட்ட கடைக்காரரிடம் போனால் அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "பழைய வண்டி சார், உள்ளே ஒயரிங் எல்லாம் போயிருக்கும். முழுவதும் மாற்ற 25,000 ஆகும்" என்றார். எனக்குப் பொறுக்காதது இதுதான். பதினோரு வருடம் ஒரு ஃபியூஸ்கூடப் போகாத வண்டி அது. பழைய வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எந்தத் தப்பையும் அதன் தலையில் கட்டிவிடலாம் என்ற எண்ணம் எத்தனை பேருக்கு இருக்கிறது!

கடைசியில் எங்கள் பகுதியில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் செய்து பார்க்கலாம். சாவியை எடுத்துவிட்டார். கதவு சுவிட்சை அழுத்தி அதன் மேல் டேப் ஒட்டினார், உள்விளக்கு அணைந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துச் சேர்த்தார். "தம்பி, இனி இதை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்" என்றார். இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மீட்டரில் 0.46. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி மாட்டிக்கொண்டே வந்தார். 0.46, 0.46, 0.46. ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03க்கு இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

0.46 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 11 ஆம்பியர்-ஹவர். 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஐந்து நாளில் முக்கால்வாசி காலி. டீசல் எஞ்சினைச் சுற்ற அதற்கு மேல் என்ன மிச்சமிருக்கும்?

காரணம் இதுதான். செட்டோடு வரும் ஒயர்களில் மஞ்சள் என்பது எப்போதும் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்குவது. சிவப்பு, சாவியை ஏசிசி நிலைக்கு (எஞ்சின் ஓடாமலே ரேடியோ பாடும் நிலை) திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. கறுப்பு எர்த். சிவப்பில் கரண்ட் நின்றால்தான் செட்டுக்குத் தூங்கத் தெரியும். 40 நொடிக் குறையை மறைக்க அந்தப் பையன் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிட்டான். திரை மட்டும் இருட்டாகிறது, உள்ளே கம்ப்யூட்டர் இரவும் பகலும் விழித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஜாயிண்டைப் பெரியவர் வெளியே இழுத்துக் காட்டினார். இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் உருகி வழிந்து, டேப் தானே கழன்று, செம்பு வெளியே தெரிந்தது. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்தால் டேஷ்போர்டின் இரும்புத் தாங்கி. அந்த மஞ்சள் ஒயரில் செட்டின் பக்கம் ஃபியூஸும் இல்லை, அதை வெட்டி எறிந்துவிட்டு நேராக இணைத்திருந்தார்கள்.

நான் எடுத்து வைத்திருந்த அந்த வெள்ளை கப்ளர் அன்றைக்குத்தான் உதவியது. ஒயர் ஒயராகப் பார்த்துச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, பழையபடி வண்டியில் சேர்த்தார். 600 ரூபாய் கேட்டார், 1,000 கொடுத்தேன்.

இனி உங்கள் கேள்வி.

8 ஜிபி ராம் என்பதை நம்பாதீர்கள். என் செட்டின் பெட்டியில் 4 ஜிபி என்று இருந்தது, செட்டிங்ஸிலும் 4 என்றே காட்டியது. சோதனைச் செயலி ஒன்றை ஏற்றிப் பார்த்தால் 2. ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும் இப்படியே மாற்றி எழுதுகிறார்கள். உண்மையாகவே 8 ஜிபி இருந்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாங்கிய அன்றைக்கு இருக்கும் ஆண்ட்ராய்டுதான் கடைசி வரை, அதைப் புதுப்பிக்க யாரும் வரப்போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் போன் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. அதனால் தானே சிந்திக்கும் திரையைவிட, போனைக் காட்டும் திரையே மேல். ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்பிளேயும் அதற்காகவே வந்தவை. மேப், பாட்டு, அழைப்பு எல்லாம் போனில் ஓடும், செட் அவற்றைக் காட்டும், ஒலிக்கும், அவ்வளவுதான். இப்போது நான் வைத்திருக்கும் 7 அங்குல செட் அப்படிப்பட்டது. சாவியைத் திருப்பிச் சில நொடிகளில் தயார். ஒயர் இல்லாமல் இணையும் வசதி இருந்தாலும் நீண்ட பயணத்தில் கேபிளையே மாட்டுகிறேன், ஒயர் இல்லாவிட்டால் போன் சூடாகிறது, சார்ஜும் இறங்குகிறது.

திரும்பும் வால்யூம் குமிழ் உள்ள செட் கிடைத்தால் அதையே எடுங்கள். குண்டும் குழியுமான சாலையில் திரையைத் தொட்டுச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தால் விரல் வேறெங்கோ போய் விழும், கண்ணும் சாலையை விட்டுப் போகும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பே, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் இயக்கும் சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் விதி வைத்திருக்கிறது.

அளவைக் கடைக்காரர் வாயால் கேட்காமல் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். டின் என்பது ஜெர்மன் தர அளவு. ஒற்றை டின் 180க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180க்கு 100. 7 அங்குல செட் இரட்டை டின்னுக்குள் அடங்கும். 9, 10 அங்குலம் என்றால் வெளியே துருத்தி நிற்கும் சட்டம் வேண்டும். பல வண்டிகளில் அது ஏசி காற்று வரும் துவாரத்தையோ அபாய விளக்கு பட்டனையோ மறைத்துவிடும்.

50 வாட், நான்கு ஸ்பீக்கர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்கும் அர்த்தமில்லை. எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து 26 வாட்டுக்கு மேல் கணக்கே வராது. சிதையாமல் கேட்பது 20க்குள்தான். 25,000 கொடுத்துச் செட் வாங்கிவிட்டுப் பத்து வருடப் பழைய ஸ்பீக்கரில் கேட்பதைவிட, செட்டில் கொஞ்சம் குறைத்து முன்கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றுங்கள். கேமராவைக் கட்டாயம் போடுங்கள். 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார்களுக்குப் பின்பக்க சென்சார் சட்டப்படி கட்டாயம், நம் வண்டிகள் அதற்கு முந்தியவை. தெருவில் விளையாடும் குழந்தையின் உயரம் நமக்குக் கண்ணாடியில் தெரியாது.

பொருத்தும்போது டீ குடிக்கப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். உங்கள் வண்டியின் கப்ளரில் அப்படியே சொருகும் ஹார்னஸ், அதாவது முனைகளோடு வரும் ஒயர்க் கட்டு, தனியாகக் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். அது இருந்தால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒயரில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 12 வோல்ட் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள்.

அதே கடைகளில் இன்னொன்றையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வெள்ளை எல்இடி ஹெட்லைட். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வண்டிகளின் ஹெட்லைட் கிண்ணம் 60/55 வாட் ஹாலஜன் பல்பின் இழை எங்கே இருக்கிறதோ அதைக் கணக்கிட்டுச் செய்தது. அதில் எல்இடியைச் சொருகினால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது. தேனி சாலையில் இரவில் போய்ப் பாருங்கள். போன மாதம் உசிலம்பட்டி தாண்டி என் முன்னால் போன இருசக்கர வண்டிக்காரர், எதிரே வந்த ஒரு எல்இடி வெளிச்சத்தில் சாலையே தெரியாமல் மண்ணில் இறங்கி விழுந்தார். பின்னால் மனைவி, மடியில் குழந்தை. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. வெளிச்சம் போட்டவன் நிற்கவே இல்லை. இதைப் போடுகிறவர்கள் ஒருமுறை பைக்கில் அந்தச் சாலையில் போக வேண்டும்.

நான் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை. பயனியர், சோனி, கென்வுட் எதுவானாலும், பில்லோடு, உங்கள் ஊரில் சர்வீஸ் மையம் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஐந்து வருடமாக மலிவு செட் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் கீழே எழுதுவார்கள். இருக்கலாம், அவர்களுக்கு ஒயரை ஒழுங்காகச் சேர்த்த ஆள் கிடைத்திருப்பார். பொருத்துகிற எல்லோரையும் நான் குறை சொல்லவும் இல்லை. அந்தப் பையனுக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒரு நாளைக்கு எட்டு வண்டி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து வருட வண்டிக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு: அந்த வண்டி என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சுமந்தது, அதற்கு நான் செலவு செய்வேன்.

உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் செட்டை வெளியே இழுத்து, பின்னால் சொருகியிருக்கும் கப்ளரைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். ஒயர்களின் நிறமும் எண்ணிக்கையும் தெரிய வேண்டும். எந்த ஹார்னஸ் கேட்டு வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.