பொருள்: தீபாவளித் தள்ளுபடி தொடர்பாக

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விற்பனை மின்னஞ்சல்களின் தலைப்பு வரி குறித்து மும்பை வாசகர்கள் கேட்டிருந்தவற்றை இம்மாதம் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பம் மாட்டுங்காவில் காப்பிப்பொடிக் கடை நடத்துகிறது. கடைக்கு வந்து தாமாகவே முகவரி கொடுத்த 1,800 பேருக்கு மாதம் இருமுறை மின்னஞ்சல் அனுப்புகிறேன். சென்ற தீபாவளிக்கு ‘எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு இனிய தீபாவளி நல்வாழ்த்துகளும் மாபெரும் சிறப்புத் தள்ளுபடியும்!!!’ என்று தலைப்பு வைத்தேன். ஒன்பது ஆர்டர்கள்தாம் வந்தன. தவறு எங்கே?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: அந்தத் தலைப்பை அனுப்புவதற்கு முன் உங்கள் கைப்பேசியில் ஒருமுறை பார்த்தீர்களா? கைப்பேசியின் அஞ்சல் பெட்டியில் ஒரு வரிக்கு ஏறத்தாழ முப்பது, நாற்பது ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் நமக்கு அதிலும் குறைவு. மூன்று, நான்கு சொற்களில் வரி அறுந்து புள்ளிகள் விழுந்துவிடும். தாதரில் கூட்டத்தோடு கூட்டமாக ரயிலேறி, ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் அஞ்சல்களைத் தள்ளிக்கொண்டே போகிறவரின் கண்ணில் பட்டது ‘எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களு…’ என்பது மட்டுமே. தள்ளுபடி என்ற சொல் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

பள்ளியில் மனு எழுதப் பழகியபோது, ‘ஐயா’ என்று விளித்த பிறகு ‘பொருள்: தெருவிளக்குப் பழுது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக’ என்று ஒரு வரி எழுதச் சொல்லித்தந்தார்கள். கட்டுக்கட்டாக வரும் காகிதங்களை அந்த ஒரு வரியை வைத்தே எழுத்தர் பிரித்துப் போட்டுவிடுவார். வணக்கம், பணிவு, நன்றி ஆகிய எல்லாவற்றுக்கும் மனுவில் வேறு இடம் இருந்தது. பொருளில் பொருள் மட்டுமே இருந்தது. இவ்வளவு நன்றாகக் கற்ற பாடத்தை விற்பனை என்று வந்ததும் ஏன் மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

உங்கள் தலைப்பையே திருத்திப் பார்ப்போம். ‘மாபெரும் தள்ளுபடி’ என்பதில் ‘மாபெரும்’ எவ்வளவு என்று தெரியாது. கிலோவுக்கு எண்பது ரூபாய் குறைத்திருந்தீர்கள் என்றால் அந்த எண்ணைச் சொல்லலாம்: ‘பீபெரி கிலோ ரூ.80 குறைவு, சனி வரை’. எந்தப் பொருள் (பீபெரி என்பது ஒரு காப்பிக்கொட்டை வகை), எவ்வளவு, எதுவரை ஆகிய மூன்றும் அதில் வந்துவிட்டன. கடைசிச் சொல் அறுந்து போனாலும் முக்கியமானது தப்பிவிடும். தள்ளுபடி இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காப்பிப் பிரியர்களுக்கு விலையைவிட வறுத்த நாள் பெரிது. ‘நேற்று வறுத்தது: பீபெரி, சிக்கரி கலக்காமல்’ என்று எழுதினால் அதைத் திறக்கக்கூடியவர்கள் உங்கள் பட்டியலிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். மாதம் இருமுறை சொல்வதற்கு இப்படி ஒரு செய்தியும் இல்லை என்றால், தலைப்பைத் திருத்துவதைவிட அஞ்சலை மாதம் ஒன்றாகக் குறைப்பது நல்லது.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, தலைப்புக்கு மேலே வரும் அனுப்புநர் பெயர். அங்கே ‘இன்ஃபோ’ என்றோ ‘சேல்ஸ்’ என்றோ இருந்தால், இருபது வருடப் பழக்கமுள்ள வாடிக்கையாளருக்குக்கூட நீங்கள் யாரோதான். கடையின் பெயரையே வையுங்கள். இரண்டாவது, தலைப்பையொட்டி மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரி. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அஞ்சலின் முதல் சொற்களை அது தானாக எடுத்துக்கொள்ளும். ‘இந்த அஞ்சல் சரியாகத் தெரியவில்லையெனில் இங்கே சொடுக்கவும்’ என்ற வாசகத்துக்கு அந்த இடத்தை இலவசமாக விட்டுக்கொடுத்திருக்கும் கடைகள் ஏராளம். உங்கள் தீபாவளி வாழ்த்து அங்கே அழகாகப் பொருந்தும்.

கேள்வி: தலைப்பின் முன்னால் ‘ரீ:’ என்று சேர்த்தால் பதில் வந்திருப்பதாக நினைத்து எல்லோரும் திறந்துவிடுவார்கள் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், செம்பூர்

பதில்: திறப்பார்கள் என்பது உண்மைதான். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு வந்த அஞ்சலை உலகெங்கும் ஆவலோடு திறந்தார்கள். இணைப்பில் இருந்த கிருமி கணினிகளைப் பாழாக்கியது. திறக்க வைப்பது அவ்வளவு கடினமன்று, திறந்தவரின் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டுமே.

‘ரீ’ என்பதைப் பலரும் ‘ரிப்ளை’யின் சுருக்கம் என்று நினைக்கிறார்கள். மின்னஞ்சல் வடிவத்தை வகுக்கும் தரநிலை அதை ‘இன் ரே’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் என்கிறது. நம் மனுவில் வரும் ‘தொடர்பாக’ என்பதே அதன் பொருள். இல்லாத கடிதத்தின் தொடர்ச்சியாகப் பாவனை செய்வது ஏமாற்று என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 2003-இல் இயற்றப்பட்ட கேன்-ஸ்பாம் சட்டம், உள்ளடக்கம் பற்றித் தவறான எண்ணம் தரும் தலைப்புகளை வணிக அஞ்சல்களில் தடை செய்கிறது. அங்கே வாடிக்கையாளர்கள் இல்லை என்றாலும் நீங்கள் தப்ப முடியாது. எரிச்சலடைந்தவர் ‘ஸ்பாம்’, அதாவது குப்பை அஞ்சல் என்று புகார் சொல்லும் பொத்தானை அழுத்துவார். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஜிமெயில் விதிகளின்படி, அத்தகைய புகார்கள் 0.3 சதவீதத்தை எட்டாமல் அனுப்புநர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் பேருக்கு மூன்று பேர் அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. அதன்பின் நேர்மையாக நீங்கள் அனுப்பும் பில்கூட ஸ்பாமில் போய் விழலாம்.

கேள்வி: தலைப்பில் எமோஜி வைக்கலாமா?
– வாசகி, முலுண்ட்

பதில்: ஒன்று வைக்கலாம், கடைசியில். முதலில் வைத்தால் ஒரு சொல்லின் இடத்தை அது தின்றுவிடும்.

கேள்வி: தாராவியில் தோல் பைகள் தைத்து நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிறோம். இரண்டு தலைப்புகளை 500 பேர் வீதம் அனுப்பிச் சோதித்தேன். ஒன்றை 62 சதவீதம் பேரும் மற்றொன்றை 55 சதவீதம் பேரும் திறந்ததாக மென்பொருள் காட்டுகிறது. விசாரணைகளோ 12-உம் 15-உம்தான். குறைவாகத் திறக்கப்பட்டதற்கே அதிகம். எதை நம்புவது?
– வாசகர், தாராவி

பதில்: திறப்புக் கணக்கை நம்பாதீர்கள். அஞ்சலுக்குள் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய படம் ஒன்று இறங்கினால் அதையே ‘திறந்தார்’ என்று மென்பொருள் எண்ணுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமை வசதி, அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வரும் படங்களை, அவர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், முன்கூட்டியே இறக்கிவைத்துவிடுகிறது. எனவே அந்த 62 சதவீதத்தில் எத்தனை மனிதர்கள், எத்தனை இயந்திரங்கள் என்று உங்களால் பிரிக்க இயலாது.

விசாரணைகளை எண்ணுவதே சரி. ஆனால் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாடு, நாணயத்தைச் சுண்டினாலே வரக்கூடியது. அதைக் கொண்டு ஒரு தலைப்பு வென்றதாகச் சொல்லக்கூடாது. பன்னிரண்டும் முப்பதும் வந்திருந்தால் நான் உடன்பட்டிருப்பேன். இந்த அளவுள்ள பட்டியலுக்கு, ஒரே அஞ்சலில் சின்னச் சின்னச் சொற்களை மாற்றிப் பார்ப்பதைவிட, முற்றிலும் வேறான இரண்டு தலைப்புகளை நாலைந்து மாதங்கள் தொடர்ந்து அனுப்பிக் கூட்டிப் பாருங்கள். கொள்முதல் மேலாளருக்கு எழுதும்போது ‘அரிய வாய்ப்பு’ வேண்டாம். ‘200 லேப்டாப் பைகள், டிசம்பர் 10-க்குள்’ என்றால் அவருக்குப் போதும்.

கேள்வி: எங்கள் சபாவின் கச்சேரி அறிவிப்புகளைத் தமிழ்த் தலைப்போடு அனுப்புகிறோம். நடுவில் ஓர் எழுத்து மட்டும் கேள்விக்குறியாக உடைந்து வருகிறது. தமிழே கூடாதா?
– வாசகர், சயான்

பதில்: தாராளமாகத் தமிழில் அனுப்பலாம், குற்றம் அனுப்பும் மென்பொருளுடையது. மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்காக உருவானது. ஆகவே தமிழ்த் தலைப்பு குறியீடாக மாற்றப்பட்டு, 75 எழுத்துகளுக்கு மிகாத துண்டுகளாக அனுப்பப்படுகிறது. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ போன்ற ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள் (பைட்டு என்பது கணினியின் சேமிப்பு அலகு), சொற்களுக்கு நடுவிலான இடைவெளிக்கு ஒரே பைட்டு. இந்தக் கலப்பைக் கவனிக்காத மென்பொருள் பைட்டுகளை மட்டும் எண்ணித் துண்டுபோடும்போது, மூன்றில் ஒன்று முதல் துண்டிலும் இரண்டு அடுத்த துண்டிலும் சிக்கி அந்த எழுத்து சிதைகிறது. முழு எழுத்தாகவே வெட்ட வேண்டும் என்பது 1996-லேயே வகுக்கப்பட்ட விதி. உங்கள் மென்பொருள்காரரிடம் இதைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அவர் திருத்தித் தரும்வரை தலைப்பைச் சுருக்கி, ‘சனி மாலை 6: வயலின் கச்சேரி’ என்ற அளவில் வைத்து, முதலில் உங்களுக்கே அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.